ஒரு களம், இரண்டு ஆட்டம்

சென்ற ஆண்டு வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஆலய வளாகத்துச் சிமெண்டுத் தளத்தில் தேங்கிய நீர் வற்றிய ஒரு மாலை வேளையில், ஒரு மணி நேர இடைவெளியில் இரு குழுவினர் பங்கு இல்லத்தின் படியேறி வந்தனர்.

முதலில் வந்தவர்கள் ஆறு பெரியவர்கள். துறைமுகத்திலும், திருவொற்றியூர் நெடுஞ்சாலைத் தொழிற்சாலைகளிலும், எண்ணூர் அனல் மின் நிலையத்திலும் உழைத்து ஓய்வு பெற்றவர்கள். மாலை தோறும் பூப்பந்து ஆடுவது அவர்களது நெடுநாள் வழக்கம். அவர்களுள் மூத்தவர் கையில் மஞ்சள் கம்பளிப் பந்து ஒன்றைச் சாட்சிப் பொருள்போல் ஏந்தி வந்திருந்தார். "சாமி, முப்பது வருஷமாக நாங்கள் ஆடிய இடம். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் நடுவிலே நீலக்கோடு போட்டிருக்கிறார்கள்" என்றார்.

அவர்கள் இறங்கிச் சென்ற பின் மற்றவர்கள் வந்தனர். ஓய்வு பெற்ற ஆசிரியைகள் இருவர், செவிலியர் ஒருவர், வங்கிப் பணியை முடித்த ஒருவரும் அவர் மனைவியும். இந்தத் தம்பதியர் அமெரிக்காவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தபோது 'பிக்கிள்பால்' என்னும் ஆட்டத்தைக் கற்று வந்தவர்கள். நீலக்கோட்டுக்கு உரியவர்களும் இவர்களே. ஆசிரியை கேட்டார்: "தளம் பங்குக்குத்தானே சொந்தம், சாமி? நாங்களும் பங்குதானே?"

இரு தரப்பாரும் கூறியது உண்மை. ஒரு தரப்பார் பொய் கூறியிருந்தால் எனக்கு வேலை எளிதாக இருந்திருக்கும். இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு, இவ்வாட்டத்தைப் பற்றி அறியத் தொடங்கினேன். அறிந்தவற்றுள் சிலவற்றை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதில் தவறில்லை என எண்ணுகிறேன். ஏனெனில் இச்சிக்கல் எங்கள் வளாகத்தோடு நின்றுவிடுவதன்று.

பிக்கிள்பால் பிறந்த கதை வேடிக்கையானது. 1965ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் சியாட்டில் நகருக்கு அருகிலுள்ள பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்ட் என்ற அரசியல்வாதியும் அவர் நண்பர் பில் பெல் என்பவரும், விடுமுறையில் பொழுது போகாமல் சலித்துக் கிடந்த தம் வீட்டாருக்காக ஓர் ஆட்டத்தைத் தேடினர். வீட்டில் பழைய இறகுப்பந்துக் களம் ஒன்று இருந்தது. ஆடுவதற்கு வேண்டிய கருவிகள் அகப்படவில்லை. கைக்குக் கிடைத்த மேசைப்பந்து மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு ஆடிப் பார்த்தனர். வலையை இடுப்பளவுக்கு இறக்கிக் கட்டினர். பார்னி மெக்கல்லம் என்ற மூன்றாவது நண்பரும் சேர்ந்துகொள்ள, விதிகள் உருவாயின. பெயரில் உள்ள 'பிக்கிள்' ஊறுகாய்தான். ஆனால் ஆட்டத்துக்கும் ஊறுகாய்க்கும் உறவில்லை. படகுப் போட்டிகளில் மற்றப் படகுகளுக்கு ஆள் எடுத்தது போக மிஞ்சியவர்களைச் சேர்த்து ஓட்டும் கடைசிப் படகுக்கு அங்கே 'ஊறுகாய்ப் படகு' என்று பெயராம். பல ஆட்டங்களின் மிச்சம் மீதியைக் கூட்டிச் செய்த ஆட்டம் ஆதலால் இப்பெயர் வந்தது என்பர் பிரிட்சர்ட் குடும்பத்தார். நாய்க்குட்டியின் பெயரால் வந்தது என்பாரும் உண்டு. கட்டுமரமும் விசைப்படகும் கண்ட காசிமேட்டுக்காரர்களுக்குப் படகுக் கதைதான் பிடித்திருக்கிறது.

களத்தின் அளவு 44 அடி நீளம், 20 அடி அகலம். இறகுப்பந்து இரட்டையர் களத்தின் அதே அளவு. பந்தை இடுப்புக்குக் கீழிருந்து அடித்துத் தொடங்க வேண்டும். வலையின் இருபுறமும் 7 அடிக்குள் நின்று பந்தை அந்தரத்தில் அடிக்கக் கூடாது. ஆதலின் ஓங்கி அடிக்கும் வலிமைக்கு அங்கே பெரிய வேலையில்லை. இடமறிந்து மெல்லத் தட்டுபவரே வெல்வார். ஓட்டம் குறைவு. அறுபது வயதுக்காரர் இருபது வயதுப் பேரனோடு ஈடுகொடுத்து ஆடலாம்.

இது முதியோரைக் கவர்ந்ததில் வியப்பில்லை. 1960ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், அரிசோனா மாநிலத்தில் சன் சிட்டி என்னும் ஊர் திறக்கப்பட்டது. ஓய்வு பெற்றவர்களுக்கென்றே கட்டப்பட்ட குடியிருப்பு அது. அதைப் பார்த்து நாடெங்கும் இத்தகைய குடியிருப்புகள் எழுந்தன. முதுமையை ஓட்டி ஆடிக் கழிக்க விரும்பியவர்களுக்காகப் பல இடங்களில் டென்னிஸ் களங்களும் அமைந்தன. காலம் செல்லச் செல்ல டென்னிஸ் ஆடியவர்களின் முழங்கால் தேய்ந்தது. களங்களில் ஆள் குறைந்தது. அந்த இடத்தைப் பிக்கிள்பால் பிடித்துக்கொண்டது. அவ்வாட்டத்தின் தேசியப் போட்டி 2009ஆம் ஆண்டு அரிசோனாவின் பக்கை என்னும் ஊரில் நடைபெற்றதும் ஓய்வு பெற்றோர் குடியிருப்பு ஒன்றில்தான்.

அங்கே மூண்ட சண்டையும் இங்கே என் படியேறி வந்த சண்டையும் ஒன்றே. டென்னிஸ் வலை நடுவில் 36 அங்குல உயரம். பிக்கிள்பால் வலை 34 அங்குலம். இரண்டு அங்குலத்துக்காக முகம் பார்த்துப் பேசாதவர்கள் உண்டு. கோட்டின் மேல் கோடு வரைந்தால் பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கண் தடுமாறுகிறது என்பது ஒரு குறை. ஓசை மற்றொன்று. டென்னிஸ் மட்டையின் நரம்பு பந்தை வாங்கித் தள்ளுவதால் ஒலி மங்கியிருக்கும். இதிலோ கெட்டி மட்டையில் கெட்டிப் பந்து படுவதால் மரங்கொத்தி கொத்துவதைப்போல் 'டொக் டொக்' என்று ஓயாத ஒலி. அண்டை வீட்டார் வழக்கு மன்றம் வரை சென்றிருக்கிறார்கள். சில ஊர்களில் களங்கள் மூடப்பட்டதும் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய ஆயுதம் கணக்கு. டென்னிஸ் களம் 78 அடி நீளம், 36 அடி அகலம். ஓடித் திரும்பச் சுற்றிலும் விடும் வெளியையும் சேர்த்தால் 120 அடிக்கு 60 அடி. அந்த ஒரே இடத்தில் நான்கு பிக்கிள்பால் களங்கள் அடங்கும். டென்னிஸில் அதிகமாகப் போனால் நால்வர் ஆடும் இடத்தில் பதினாறு பேர் ஆடலாம். "நான்கு பேருக்காகப் பதினாறு பேர் காத்திருப்பதா?" என்ற கேள்விக்கு டென்னிஸ்காரர்களிடம் மறுமொழி இல்லை. கேட்டதும் நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. தலையை எண்ணியே இடம் பங்கிடுவதென்றால் ஆள் குறைந்த எந்த ஆட்டமும் பிழைக்காது. ஆள் குறைந்ததால் இடம் போகும். இடம் போனதால் மிஞ்சிய ஆளும் போவார்.

இரு ஆட்டங்களின் பழக்கத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. டென்னிஸ்காரர் களத்தை மணிக்கணக்கில் முன்பதிவு செய்வார். அந்த ஒரு மணி அவருக்கே உரியது. பிக்கிள்பாலில், பொதுக் களங்களில், முன்பதிவு செய்யாமல் வருகிறவர் தம் மட்டையை வரிசையில் வைத்துவிட்டு உட்காருவார். ஓர் ஆட்டம் 11 புள்ளி. கால் மணியில் முடிந்துவிடும். ஆடியவர்கள் வெளியேற, வரிசையில் அடுத்த நான்கு மட்டைக்குரியவர்கள் இறங்குவர். யாரோடு யார் ஆடுவது என்பதும் பெரும்பாலும் மட்டை கிடக்கும் வரிசைப்படியே. குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துப் பழகிய நம் வடசென்னைத் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வங்கிக்காரர் இம்முறையை நீளமாக விளக்கத் தொடங்கியதும், செவிலியர் சிரித்துக்கொண்டே, "லாரித் தண்ணிக்கு நிற்கிற மாதிரிதானே சார்" என்று முடித்துவிட்டார்.

நம் நாட்டுக்கு இவ்வாட்டத்தைக் கொணர்ந்தவர் மும்பையைச் சேர்ந்த சுனில் வாலாவல்கர். 2008ஆம் ஆண்டு அகில இந்தியச் சங்கம் அமைந்தது. 2025ஆம் ஆண்டில் மத்திய விளையாட்டு அமைச்சகம் இந்திய பிக்கிள்பால் சங்கத்துக்குத் தேசிய அமைப்பு என்ற ஏற்பு வழங்கியது. சென்னையில் சில ஆண்டுகளாக மொட்டை மாடிகளிலும் காலி மனைகளிலும் நீலமும் பச்சையும் பூசிய களங்கள் எழுந்து, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப்படுகின்றன. காசுள்ளவர்க்குக் களம் ஒரு சிக்கலே அன்று.

நம் பக்கம் அப்படியில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. பிள்ளைகள் ஓடியாடியிருக்க வேண்டிய மணற்பரப்பு இருந்த இடத்தில் இன்று கருங்கல் குவியல். எஞ்சிய நிலத்தில் கிடங்கும், ஆலையும், கண்டெய்னர் லாரிகளும். குறைந்த இடத்தில் ஆடக்கூடிய ஆட்டங்களே இங்குச் செழித்தன என்பது என் கணிப்பு. கேரம் பலகையின் ஆடுபரப்பு 29 அங்குலச் சதுரம். ஒரு திண்ணை போதும். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா வடசென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள்.

அதே ஆண்டு அக்டோபர் இறுதியில், மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம் பெற மாமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியதும், எதிர்ப்பு எழுந்ததும், சில நாட்களுக்குள் அது திரும்பப் பெறப்பட்டதும் நினைவிருக்கும். வியாசர்பாடியில் பந்துதைக்கும் பிள்ளைக்கு 120 ரூபாய் என்பது என்ன என்று நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டணமில்லாத ஒரு தளம் இப்பகுதியில் எவ்வளவு அரிது என்பதைக் காட்டவே இதைக் குறிப்பிட்டேன். அரிதானதால்தான் சண்டையும் வருகிறது.

இனி எங்கள் தளத்துக்குத் திரும்புவோம். பூப்பந்து நம் மண்ணின் ஆட்டம். தஞ்சையில் தோன்றியது என்பர். பக்கத்துக்கு ஐவர் ஆட வேண்டும். களம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். டென்னிஸ் இரட்டையர் களமோ ஏறத்தாழ 23.8 மீட்டருக்கு 11 மீட்டர். இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்தபோதுதான், அமெரிக்க முதியவர்கள் எந்த அளவுள்ள இடத்துக்காகச் சண்டையிட்டார்களோ அதே அளவுள்ள இடம் எங்கள் வளாகத்திலும் கிடக்கிறது என்பது விளங்கிற்று. கணக்கு மட்டும் இங்கே தலைகீழ். எங்கள் தளத்தின் சுற்றுவெளி குறுகியது. அதில் இரண்டு பிக்கிள்பால் களங்களுக்கு மேல் கொள்ளாது. எட்டுப் பேர் ஆடலாம். பூப்பந்திலோ பத்துப் பேர் ஆடலாம்! கணக்கின்படி பெரியவர்களே வென்றார்கள்.

ஆனால் என் படியேறி வந்த பெரியவர்கள் ஆறு பேர். பத்துப் பேர் வேண்டிய ஆட்டத்துக்கு ஆறு பேர். கொரோனாக் காலத்துக்குப் பின் இருவர் இல்லை. ஒருவர் மகனோடு ஆவடிக்குக் குடிபெயர்ந்தார். ஒருவருக்குக் கண் புரை. ஓராண்டாகவே அவர்கள் மும்மூன்று பேராக நின்று, பெரிய களத்தில் பந்தைத் துரத்த முடியாமல், பாதி நேரம் பெஞ்சில் அமர்ந்து பேசிவிட்டுப் போனார்கள் என்பதைச் சன்னல் வழியே நானே கண்டிருக்கிறேன். நீலக்கோட்டின் மேல் அவர்களுக்கு வந்த சினத்தில், தங்கள் ஆட்டம் தங்களோடு முடியப் போகிறது என்ற துயரமும் கலந்திருந்தது.

மறுபுறத்தையும் கூறவேண்டும். 'முப்பது வருஷமாக நாங்கள் ஆடிய இடம்' என்று பெரியவர் கூறியபோது, அந்த 'நாங்கள்' என்பதில் ஒரு பெண்கூட இல்லை. அத்தனை ஆண்டுகளில் எங்கள் பங்குப் பெண்கள் அத்தளத்தில் கால் வைத்தது திருநாள் அன்னதானத்துக்குக் காய் நறுக்கவும், கோலமிடவும், நாற்காலி அடுக்கவும்தான். விளையாட வந்தது இதுவே முதல் முறை. பங்குத்தந்தை என்ற முறையில் இதை நானும் அதுவரை கவனித்ததில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் இரு தரப்பாரையும் ஒருசேர அழைத்தேன். யாருக்கு எந்த நேரம் என்று முதலில் காற்றைக் கேட்போம் என்றேன். துளையிட்ட பிளாஸ்டிக் பந்து காற்றில் இழுபடும். கம்பளிப் பந்து ஓரளவு தாங்கும். நம் கரையில் கடற்காற்று எழுவது பெரும்பாலும் நண்பகலுக்குப் பின். காலையில் காற்று அடங்கியிருக்கும். ஆகவே காலை பிக்கிள்பாலுக்கு, மாலை பூப்பந்துக்கு என்று பிரித்தோம். உடனே ஒரு தாய் எழுந்தார். அவர் வீடு மதிலை ஒட்டியது. மகன் துறைமுகத்தில் இரவுப் பணி முடித்துக் காலை ஏழு மணிக்குத்தான் படுக்கிறான். அந்த 'டொக் டொக்' கேட்டால் அவன் எப்படித் தூங்குவான் என்றார். அவர் கூறியதும் உண்மை. எனக்கும் ஒரு குறை இருந்தது: காலைத் திருப்பலியில் மறையுரையின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த ஒலி புகுந்து எனக்கு முற்றுப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. முடிவில், மதிலோரக் களத்தைக் காலையில் விட்டுவிட்டு, ஆலயத்தின் தெற்கே உள்ள களத்தில் மட்டும் திருப்பலிக்குப் பின் ஒன்றரை மணி நேரம் ஆடுவதென்று முடிவாயிற்று. எட்டுப் பேருக்குப் பதில் நால்வர். மற்றவர்கள் மட்டையை வரிசையில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஆளுயரப் பூப்பந்து வலையைக் காலையில் கழற்றிச் சுருட்டி வைப்பது காலைக் குழுவின் பொறுப்பு. மாலையில் கட்டுவதும் அவர்களுள் இருவர் வந்து செய்ய வேண்டும். பெரியவர்களுக்குத் தோள்வலி.

இந்தக் கடைசி ஏற்பாடுதான் நான் எதிர்பாராத பலனைத் தந்தது. வலை கட்ட வந்த ஆசிரியை, முறை முடிந்தும் போகாமல் நின்றிருக்கிறார். பெரியவர்கள் மும்மூவராய் ஆடத் தொடங்கியதும், "ஒரு ஆள் குறைகிறதே அண்ணா, நான் நிற்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பள்ளிப் பருவத்தில் அவர் பூப்பந்து அணியில் ஆடியவர் என்பது அதுவரை எவருக்கும் தெரியாது. திருமணத்துக்குப் பின் மட்டையைத் தொட்டதே இல்லையாம். முதல் பந்தைக் கோட்டை விட்டார். இரண்டாவதை, வலையை ஒட்டி எதிர்ப்பக்கத்தின் மூலையில் இறக்கினார். மூத்தவர் சிறிது நேரம் பந்து விழுந்த இடத்தையே பார்த்துவிட்டு, "எந்தப் பள்ளிக்கூடம் அம்மா நீ?" என்று கேட்டாராம்.

இப்போது வாரத்தில் மூன்று மாலைகள் பத்துப் பேர் நிறைகிறார்கள். அவர்களுள் நால்வர் காலைக் குழுவினர். காலையிலும், முழங்கால் வலிக்காரரான பெரியவர் ஒருவர் 'சும்மா பார்க்க' வந்து மட்டையை வரிசையில் வைத்துவிட்டுப் போகிறார்.

ஆட விரும்பும் மூத்தோருக்கு ஓர் எச்சரிக்கை. இவ்வாட்டத்தில் முதியோர்க்கு நேரும் காயங்களுள் விழுவதால் வருபவை மிகுதி; எலும்பு முறிவு வரை போகிறது. தலைக்கு மேல் போகும் பந்தை நோக்கிப் பின்னோக்கி ஓடாதீர்கள். உடலைத் திருப்பிக்கொண்டு ஓடுங்கள், அல்லது அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள். ரப்பர் செருப்போடு இறங்காதீர்கள். கடலோரச் சிமெண்டுத் தளத்தில் விடியலில் ஈரமும் மணலும் படிந்திருக்கும்; பெருக்கிய பின்னரே ஆடுங்கள். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குவது நலம்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று கூறினால் அது பொய்யாகும். அறுவரில் ஒருவர் இன்னும் நீலக்கோட்டை ஏற்கவில்லை. பெண்கள் ஆடும் மாலைகளில் அவர் வாயிலருகே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார். உப்புக் காற்றில் வண்ணம் நிற்பதில்லை; நான்கு மாதத்துக்குள் வெள்ளையும் நீலமும் வெளிறிவிட்டன. மறுபடி பூசும்போது எது மேலே, எது கீழே என்று அடுத்த சனிக்கிழமை கூடிப் பேசவிருக்கிறார்கள். வண்ணத்துக்கான செலவைச் சரிபாதியாக ஏற்பதில் மட்டும் இரு தரப்பாரும் ஒத்துப்போய்விட்டனர். தூரிகையைப் பிடிக்க, வாயிலருகே நிற்கும் அந்தப் பெரியவரைக் கேட்டிருக்கிறேன். ஆலையில் நாற்பது ஆண்டு வண்ணம் பூசியவர் அவர். இன்னும் பதில் கூறவில்லை.